செங்கோட்டைக் கல்லும் எங்கள் சொசைட்டியின் ஆசிட் வாளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் டெல்லி செங்கோட்டையின் சுவர்கள் கறுத்து வருவதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். காற்று மாசைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. படங்களும் நன்றாக இருந்தன. நடுவில் வந்த ஒரு வரிதான் ஒரு வாரமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மணல் பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்ததால் கல்லாகிவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். என் பேத்தியின் பாடப்புத்தகத்திலும் ஏறக்குறைய இதே வரிதான். மேலே பாரம் ஏறியது, கீழே மணல் இறுகியது, கல்லானது. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. மீதிக் கதை தெரியாததால் எங்கள் குடியிருப்பில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உடன்குடிப் பக்கம், தேரி என்று நாங்கள் சொல்லும் செம்மணல் காட்டு ஓரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். இங்கே ஒரு நிலவியல் ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்தேன். பாடம் நடத்தும் வேலை இல்லை. பாறையை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடாக ஆக்கிக் கொடுக்கும் வேலை. ஆராய்ச்சி செய்தவர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். கல் என் கையிலேயே இருந்தது. அதனால் மணற்கல்லைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது.

பாரம் மட்டும் மணலைக் கல்லாக்காது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையக் காய்ந்த மணலைப் போட்டு, தரையில் தட்டித் தட்டி நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே வழியாமல் எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடிகிறது என்று பாருங்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே தண்ணீர் உள்ளே போய்விடும். அவ்வளவும் மணல் மணிகளுக்கு இடையே இருக்கும் காலி இடம். ஆற்றிலும் கடற்கரையிலும் புதிதாகப் படியும் மணலில் நூற்றுக்கு 40 பங்கு வரை இப்படி இடைவெளிதான். ஒரே அளவு லட்டுகளை டப்பாவில் எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் கால்வாசி இடம் காலியாகவே இருக்கும், இல்லையா? மணலிலும் அப்படித்தான். மேலே கிலோமீட்டர் கணக்கில் மண் ஏறினால் மணிகள் நகர்ந்து நெருங்கும். இடையில் களிமண் உருண்டையோ மைக்கா என்கிற காக்காப்பொன்னோ இருந்தால் அது நசுங்கிக் கொடுக்கும். மணலில் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸ் என்ற கடினமான தாதுவின் மணி நசுங்கிக் கொடுக்காது. விரிசல் வேண்டுமானால் விடும். ஆக, பாரம் தன்னால் முடிந்ததைச் செய்த பிறகும் கணிசமான இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் ராஜஸ்தானில் தோல்பூர் பக்கம் வெட்டியெடுக்கும் நல்ல மணற்கல்லில் ஒரு துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அந்த இடம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அங்கே வந்து உட்கார்ந்தது எது, எப்படி வந்தது? அதுதான் விஷயம்.

அதைப் பார்க்கிற அளவுக்குக் கல்லைத் தயார் செய்வதே ஒரு தனி வேலை. வைர ரம்பத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வில்லை அறுத்துக்கொள்வோம். அதன் ஒரு முகத்தைக் கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டு, கோலமாவு அரைப்பது போல வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். முதலில் கரகரப்பான தூள், பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு. முகம் கண்ணாடி போல ஆனதும் சூடான தட்டில் பிசினை உருக்கி ஸ்லைடில் ஒட்டுவோம். நான் சேர்ந்த புதிதில் கனடா பால்சம், பின்னாளில் இபாக்ஸி. அப்புறம் மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும், 0.03 மில்லிமீட்டர் வரும்வரை. தலைமுடியின் பருமனில் பாதி இருக்கும். அதை அளக்க ஸ்கேல் கிடையாது. ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலராய்டு தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்துப் பார்க்கும்போது குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். வெளிர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு சுற்று கூடுதலாகப் போனால் மூன்று நாள் வேலை கழுவு தொட்டியோடு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

அப்படி ஒரு தோல்பூர் கல்லின் ஸ்லைடை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு 24 வயது. கூழாங்கல் போல உருண்டையான ஒரு மணி. அதன் ஓரத்தைச் சுற்றி, பென்சிலால் வரைந்தது போல, தூசியால் ஆன மெல்லிய கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியேயும் அதே குவார்ட்ஸ் தொடர்ந்து போய், பட்டை தீட்டியது போல நேரான விளிம்போடு பக்கத்து மணியில் முட்டி நிற்கிறது. மைக்ராஸ்கோப் மேடையை மெதுவாகத் திருப்பினேன். கோட்டுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நொடியில் இருண்டன, ஒரே நொடியில் வெளிச்சமாயின. இரண்டும் வேறு வேறு படிகமாக இருந்தால் அப்படி நடக்காது. உருண்டு வந்த பழைய மணியின் மேல், அதே அணு வரிசையைப் பிடித்துக்கொண்டு, புதிய குவார்ட்ஸ் வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1849-லேயே கல்லை இப்படி மெலிதாகத் தேய்த்துப் பார்க்கத் தொடங்கினார். மணியின் மேல் மணி வளர்ந்திருப்பதை அவர் 1880-ல் எழுதி வைத்துவிட்டார்.

எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பதநீரைக் காய்ச்சிப் பாகு பதத்தில் பானையில் ஊற்றி, உள்ளே நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். பானையைத் திறக்கும்போது நூலெல்லாம் கட்டி கட்டியாகக் கற்கண்டு. முதலில் ஒட்டிய துணுக்கின் மேலேதான் அடுத்தது வளரும். வளர வளரப் பக்கத்துக் கட்டியோடு பிணைந்துகொள்ளும். கையால் பிரிக்க முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மணல் கல்லாவதும் இதேதான். பாகுக்குப் பதில் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் ஆகியிருக்கும் பொருள், கரைந்த தண்ணீர், வாரத்துக்குப் பதில் லட்சக்கணக்கான ஆண்டுகள். சாதாரண வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் குவார்ட்ஸ் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். அதனால்தான் அத்தனை காலம்.

அந்தச் சிலிக்கா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அந்த மணலுக்குள்ளிருந்தேதான். பாரத்துக்கு இங்கேதான் உண்மையான வேலை. இரண்டு மணிகள் ஒன்றை ஒன்று அழுத்தும் இடத்தில், குறிப்பாக நடுவே மைக்காவோ களிமண்ணோ சிக்கியிருந்தால், குவார்ட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்தது தண்ணீர் வழியாக நகர்ந்து பக்கத்துக் காலியிடத்தில் மறுபடி படிகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடும். 70, 80 டிகிரி தாண்டிய பிறகுதான் இந்த வளர்ச்சி சூடுபிடிக்கும், அதாவது ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழம். அதற்கு மேலே கிடக்கும் மணல் எத்தனை காலம் கிடந்தாலும் பெரும்பாலும் உதிரியாகவே இருக்கும், இடையில் சுண்ணாம்போ இரும்போ வந்து ஒட்டினால் ஒழிய. எத்தனை வருடம் புதைந்து கிடந்தது என்பதைவிட எவ்வளவு சூட்டில், எந்தத் தண்ணீரில் கிடந்தது என்பதுதான் கேள்வி.

இன்னொரு வழியும் உண்டு. மணலில் குவார்ட்ஸ் மட்டும் இருக்காது, ஃபெல்ட்ஸ்பார் இருக்கும். கிரானைட்டில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் தெரியுமே, அது. கரியமில வாயு கரைந்த லேசான அமிலத் தண்ணீர் அதன் மேல் பட்டால் அது நிற்காது. செல்லரித்த மரம் போல வெளிக்கூடு மட்டும் நிற்க, உள்ளே பொக்காகிவிட்ட ஃபெல்ட்ஸ்பார் மணிகளை எத்தனையோ ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். நீல மை கலந்த இபாக்ஸியை ஊற்றித் தேய்த்தால் அந்தப் பொக்குகள் எல்லாம் நீலமாகத் தெரியும், அவ்வளவு அழகு. கரைந்துபோன ஃபெல்ட்ஸ்பாரில் இருந்த அலுமினியம் பக்கத்திலேயே கயோலினைட் என்கிற வெள்ளைக் களிமண்ணாகிறது. சீட்டுக்கட்டை அடுக்கி வைத்தது போலச் சின்னச் சின்ன அடுக்குகள். மிஞ்சிய சிலிக்கா குவார்ட்ஸ் மணிகளின் மேல் போய்ச் சேருகிறது. பொட்டாசியம் தண்ணீரோடு அலைகிறது. இன்னும் ஆழமாகப் போய் 120, 130 டிகிரி வந்தால், அந்தக் கயோலினைட்டும் மிச்சமிருக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து இல்லைட் என்ற வேறொரு களிமண்ணாக மாறும். சில கற்களில் அது நூல் நூலாக இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. காவிரிப் படுகையிலும் அசாமிலும் எண்ணெய் மணற்கல் இடுக்குகளில்தான் இருக்கிறது, இடுக்கு அடைந்தால் எண்ணெய் நகராது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் போதாது.

சரி, சிவப்புக்கு வருகிறேன். செங்கோட்டையை ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்தார். ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, தோல்பூர் பக்கத்து விந்தியப் பாறைகள்தான் இந்த ஊரின் சிவப்புக் கல்லுக்குத் தாய்வீடு. அந்த மணல் படிந்தது சுமார் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது நிலத்தில் மரமில்லை, புல்லில்லை, கடலில் மீன்கூட இல்லை. ஆனால் அலை இருந்தது. எங்கள் பூங்கா நடைபாதையில் பதித்திருக்கும் தோல்பூர் பலகைகள் சிலவற்றில் அலை வரிகள் அப்படியே இருக்கின்றன. திருச்செந்தூரில் அலை வற்றிய நேரத்தில் காலுக்கடியில் நெளிநெளியாகத் தெரியுமே, அதே இடைவெளி, அதே வளைவு. காலையில் அதன் மேல்தான் நடக்கிறேன்.

மணல் படிந்தபோதே அந்தக் கல் இப்படிச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் தியோடர் வாக்கர் என்ற நிலவியலாளர் பாலைவனப் படிவுகளை ஒப்பிட்டு 1967-ல் எழுதினார். இப்போது படியும் மணல் வெளிறி இருக்கிறது, அதே இடத்தில் பழைய படிவுகள் பழசாகப் பழசாகச் சிவந்துகொண்டே போகின்றன. மணலோடு வந்த ஹார்ன்பிளெண்ட், பயோடைட் போன்ற கறுத்த தாதுக்கள் தண்ணீரில் மெல்லச் சிதைந்து இரும்பை விடுகின்றன. அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் மஞ்சளும் பழுப்புமாக மணிகளின் மேல் படிகிறது, நீர் நீங்கி ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடாக முதிரும்போது சிவக்கிறது. கல்லின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு இரும்பு இருந்தால் போதும், கோட்டை முழுக்கச் சிவப்புதான்.

எங்கள் தேரி மணலும் அப்படி மேற்பூச்சுச் சிவப்புதான். கடற்கரையில் வெளிறிய மணல், கொஞ்சம் உள்ளே போனால் குங்குமத்தைக் கொட்டியது போலத் தேரி. பனங்காட்டுக்குள் விளையாடிவிட்டு வந்தால் பாவாடை விளிம்பில் ஏறிய சிவப்பை எடுக்க ஆச்சி படாதபாடு படுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஊருக்குப் போனபோது ஒரு கைப்பிடித் தேரி மணலைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுச் சூடாக்கினேன். ஆசிட் மஞ்சளாகிக்கொண்டே போனது, மணல் வெளுத்துக்கொண்டே வந்தது. கழுவிக் காயவைத்தால் கீழே நிற்பது வெறும் வெள்ளைக் குவார்ட்ஸ். இத்தனை நாள் நான் சிவப்பு மணல் என்று நினைத்தது வெள்ளை மணல்தான், மேலே இருந்தது தோல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

சிவப்புக் கல்லின் ஸ்லைடில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசை. முதலில் மணி, அதன் மேல் மெல்லிய இரும்புத் தோல், அதற்கும் மேல் புதிதாக வளர்ந்த குவார்ட்ஸ். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கல்லே சொல்லிவிடுகிறது. இரும்புத் தோல் தடிமனாக இருக்கும் இடத்தில் குவார்ட்ஸுக்குப் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்காது. அங்கே கல் சொரசொரப்பாக, இடுக்குகளோடு நிற்கும். தோல் மெலிதாகவோ விட்டுவிட்டோ இருந்தால் சிலிக்கா உள்ளே புகுந்து பிணைத்துவிடும். ஒரே சுவரில் ஒரு கல் கூர் மழுங்காமல் நிற்பதற்கும் பக்கத்துக் கல் பொரிந்து உதிர்வதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. இந்தச் சிவப்புக் கற்களில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் உண்டு, சுண்ணாம்பு தெறித்தது போல. கல் வாங்கப் போகிறவர்கள் அதைக் குறை என்று ஒதுக்குகிறார்கள். புதைந்திருந்த காலத்தில் அந்த இடத்தில் மட்டும் ஆக்சிஜன் குறைந்து, இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறித் தண்ணீரோடு வெளியேறிவிட்டது. அதனால்தான் அந்த வெளுப்பு. கல் கெட்டுப் போனதால் வந்தது இல்லை.

இதே சிலிக்கா தண்ணீர்தான் நம் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் மரத்தைக் கல்லாக்கியது. கடலூர் மணற்கல்லில் புதைந்த மரங்களுக்குள் புகுந்து, அழுகுவதற்கு முன் ஒவ்வொரு செல்லாக நிரப்பி, வரிகள்கூட மாறாமல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்திருக்கிறவர்கள் மணல் கல்லாவதையும் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். டெல்லியில் இருக்கும் தமிழர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம், ஆர்.கே.புரம் மலை மந்திர். சுவாமிநாதசுவாமி நிற்கும் அந்தக் குன்றும் ஒரு காலத்தில் மணல்தான். மணற்கல்லாகி, அதற்கு மேலும் வெந்து அழுந்தி, குவார்ட்சைட் ஆகிவிட்டது. ஊருக்குள் ஓடும் ரிட்ஜ் என்ற குன்றுத்தொடர் முழுவதும் அந்தக் கல்தான். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். சாதாரண மணற்கல் மணிகளைச் சுற்றிக்கொண்டு உடையும். இது மணிகளையே பிளந்துகொண்டு உடையும், ஏனென்றால் மணிக்கும் ஒட்டுக்கும் இனி வித்தியாசமே இல்லை.

இப்போது எங்கள் மயூர் விஹார் குடியிருப்புக்கு வருகிறேன். நான்கு பிளாக். முன்பக்கச் சுவர்களில் ஆள் உயரத்துக்குத் தோல்பூர் கல் பலகை ஒட்டியிருக்கிறது, சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் வெளிர். போன வருடம் தீபாவளிக்கு முன்னால், கல் அழுக்காக இருக்கிறது என்று கமிட்டியில் முடிவு செய்து ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்கள். முதல் பிளாக்கில் வேலை தொடங்கிய அன்று நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மூக்கில் ஏறியது அந்த நெடி. 31 வருடம் பழகிய நெடி. இரண்டு பையன்கள், கையில் உறைகூட இல்லாமல், வாளியில் தேஜாப் என்று அவர்கள் சொல்லும் ஆசிட்டை வைத்துக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். கமிட்டியில் இருந்தவர் ஓடி வந்து, ஆன்ட்டி, எவ்வளவு பளிச்சென்று ஆகிவிட்டது பாருங்கள் என்றார். பளிச்சென்றுதான் இருந்தது. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. தேரி மணல் வெளுத்ததை நான் பார்த்திருக்கிறேனே.

அந்த ஆசிட் என்ன செய்தது? அழுக்கை மட்டும் எடுத்திருந்தால் பரவாயில்லை. கல்லின் மேல்தோலில் இருந்த இரும்பையும் கரைத்தது. அங்கங்கே மணிகளைப் பிடித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு ஒட்டு இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். பலகைகளுக்கு இடையே உள்ள சிமெண்ட் பூச்சைத் தின்று, அதிலிருந்து கால்சியம் குளோரைடு என்ற உப்பை உண்டாக்கி, கல்லின் இடுக்குகளுக்குள் இறக்கியது. கழுவுகிறேன் என்று பைப்பைப் பிடித்ததில் எல்லாம் இன்னும் ஆழமாகப் போனது. ஜூலை மழை வந்தது. கரைந்திருந்த இரும்பு, சுவர் காயும்போது தண்ணீரோடு வெளியே வந்து மஞ்சளும் பழுப்புமாகப் படிந்தது. இப்போது முதல் பிளாக் சுவரில் மேலிருந்து கீழே டீ வழிந்தது போலக் கறைகள். எந்தப் பிரஷ்ஷுக்கும் போகாது, ஏனென்றால் அது கல்லின் மேல் இல்லை, கல்லுக்குள் இருக்கிறது.

போன வாரம் லென்ஸை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்ட் பக்கத்து மூலையில், முழங்கால் உயரத்தில், ஒரு சிவப்புப் பலகை. கட்டைவிரலால் லேசாகத் தடவினேன். உள்ளங்கையில் மணல் விழுந்தது. லென்ஸில் பார்த்தால் உருண்டை உருண்டையான மணிகள், மேலே சிவப்பு இல்லை. பலகையின் கீழ் விளிம்பில் பஞ்சு போல வெள்ளை பூத்திருந்தது. உப்பு. இடுக்குக்குள் தண்ணீர் வற்றும்போது உப்பு படிகமாகி இடத்தைப் பிடிக்கப் பார்க்கும், மணியை நெம்பித் தள்ளும். அடுத்த மழையில் கரையும், அடுத்த வெயிலில் மறுபடி நெம்பும். பூமிக்கடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தண்ணீர் கொண்டு வந்து ஒட்டியதை, ஒரு வருடத்துக்குள் அதே தண்ணீரை வைத்தே பிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த மணலை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது கமிட்டி சொல்வது, மணல் உதிர்வதைத் தடுக்க மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு அடித்துவிடலாம் என்று. தயவு செய்து வேண்டாம். கல்லுக்கு இடுக்கு இருப்பதே மூச்சு விடத்தான். முன்பக்கத்தை அடைத்துவிட்டால் சுவருக்குப் பின்னாலிருந்து வரும் ஈரமும் உப்பும் பூச்சுக்குக் கீழே சேரும், ஒரு நாள் பூச்சும் அதோடு கல்லின் முகமும் சேர்ந்து தகடாகப் பெயர்ந்து விழும்.

செங்கோட்டைக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் கல் கறுத்துவிட்டது என்று இருந்தது. குவார்ட்ஸ் அப்படித் தானாகக் கறுக்காது. வண்டிப் புகையிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் கந்தக டை ஆக்சைடு, தூசியிலும் சுண்ணாம்புக் காரையிலும் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகிறது. அந்த ஜிப்சம் வளரும்போது கரித்தூளைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது. பொறுமையாக, கல்லைத் தொடாமல், அதை மட்டும் எடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஹுமாயூன் கல்லறையில் பின்னாளில் போட்ட சிமெண்ட் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை போட்டுச் சீரமைத்ததை நேரில் போய்ப் பார்த்தவள் நான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் கல்லுக்குள் திருப்பிவிடும்.

வீட்டுச் சுவரில் மணற்கல் இருப்பவர்கள் அழுக்கு தெரிந்தால் சுத்தமான தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போகாத கறை என்றால் கண்ணில் படாத மூலையில் ஓர் அங்குலம் சோதித்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள். ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மணல் அழுந்தியதோடு, சூடான தண்ணீர் கரைத்தும் படியவைத்தும் ஒட்டியதால் கல்லானது என்று இருந்தால் போதும். சிறுவர் பகுதியில் டம்ளர் சோதனையையும் போட்டால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். என்னிடம் பழைய ஸ்லைடுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன, ஆய்வகத்தில் கழித்துப் போட்டவை. இங்கே இருக்கும் தமிழ்ப் பள்ளி எதுவும் கேட்டால் கொண்டுபோய்க் காட்டத் தயாராக இருக்கிறேன்.

எங்கள் இரண்டாம் பிளாக் சுவரை இன்னும் யாரும் தொடவில்லை. அதைப் பற்றி முடிவு செய்ய வரும் மாதம் முதல் ஞாயிறு கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் இதழில் வந்துவிட்டால் அதை இந்தியில் எழுதி, மாத்திரை டப்பா மணலோடு சேர்த்து நோட்டீஸ் போர்டுக்குக் கீழே வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்,
மயூர் விஹார், டெல்லி